நடை விலக்குக் குழு

காலடிப்பேட்டை ஞானதுரை ஸ்டோரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மைதா மூட்டை ஒன்று வாய் பிளந்து கொட்டியது. மூட்டையைக் கடித்தது எலி. மாவில் நடந்தது கடை முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி. துடைப்பத்தோடு வந்த அவர் மனைவி சுகிர்தம், பெருக்காமல் குனிந்து நின்றுவிட்டார்.

சிவப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள். வலது காலடி லட்சணமாக இருந்தது. ஐந்து விரல், குதிகால், நடுவில் வளைவாக ஓர் இடைவெளி. இடது காலடியில் அந்த இடைவெளியே இல்லை. செங்கல்லை மாவில் தோய்த்து வைத்தது போல முழுசாகப் பதிந்திருந்தது.

“இது யாரு காலு?”

“என் காலுதான்.”

“ரெண்டுமா?”

அண்ணாச்சி தன் கால்களைத் தொப்பை இடம் கொடுத்த அளவுக்கு எட்டிப் பார்த்தார். இடது கணுக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது லேசாகப் பிசகியது நினைவுக்கு வந்தது. வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார். சர்க்கரை வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அவர் கால்கள் எதையும் அவரிடம் சொல்வதை நிறுத்தி நாலைந்து வருஷம் இருக்கும். கோணி ஊசி ஒன்று பாதத்தில் ஏறி அரை நாள் கூடவே நடந்ததைக்கூட சுகிர்தம் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

ஊசி ஏறக் காரணம் உண்டு. அந்தக் கடைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. “வியாபாரம் நடக்கிற இடம் பரிசுத்த பூமி, லே” என்று அவர் அப்பா ஞானதுரை சொல்லி, வாசலில் நீலப் பெயின்ட்டில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார். அப்பா போய் இருபத்தேழு வருஷம் ஆயிற்று. போர்டு போகவில்லை. அண்ணாச்சி காலை ஆறு மணி முதல் ராத்திரி பத்து வரை வெறுங்காலோடு நின்றார்.

“வலியே இல்ல. வலிக்காததுக்கு எதுக்கு டாக்டர்?” என்றார்.

“எபினேசர் அண்ணனும் இதையேதான் சொன்னாவ.”

தூத்துக்குடியில் இருக்கும் சுகிர்தத்தின் அண்ணன் எபினேசர், வலியே இல்லை வலியே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்து, கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ‘வலி இல்லை’ என்பது நல்ல செய்தி அல்ல.

*

எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகள் ஊர்வலம் போகிற சாலையில் இருக்கிறது வடசென்னை ஒருங்கிணைந்த பாத மேன்மை மையம். தூரத்திலிருந்தே தெரியும். வாசலில் முப்பதடி உயரத்துக்கு ஃபைபரில் ஒரு பாதம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான் நுழைவாயில். நோயாளிகள் நாள் முழுவதும் விரலிடுக்கு வழியாகப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். சுண்டுவிரல் நிழலில் நாற்காலி போட்டு செக்யூரிட்டி செங்கொடி உட்கார்ந்திருப்பாள். அவள் தலைக்கு மேல் போர்டு: ‘பாதங்களைப் பேணுவோம். காலணிகளை வெளியே விடவும்.’

“செருப்ப அந்த ஸ்டாண்டுல வுட்டுட்டு டோக்கன் வாங்கிக்கோ அண்ணாச்சி” என்றாள் செங்கொடி.

“இது கால் ஆஸ்பத்திரிதான?”

“ஆமா.”

“கால்ல புண்ணு வந்தவங்க வெறுங்காலோடயா போவணும்?”

“எனக்கு இன்னா நைனா தெரியும்? போர்டுல கீது, நான் சொல்லிகினு கீறேன்.”

அண்ணாச்சிக்கு அந்த போர்டின் மேல் ஒரு மரியாதை வந்தது. எங்கேயோ பார்த்த எழுத்து மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, டோக்கன் நூற்றுப் பதினெட்டோடு விரலிடுக்கு வழியே உள்ளே போனார்.

பதிவுக் கவுன்ட்டரில் ஷாலு என்ற பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக மூஞ்சிகள் வரைந்திருந்தார்கள். முதல் மூஞ்சி சிரித்தது, கடைசி மூஞ்சி கதறியது.

“வலி எவ்ளோ சார்? பத்துக்கு எத்தினி?”

“வலி இல்லம்மா. வீக்கம்தான்.”

“நம்பர் சொல்லுங்க சார். நம்பர் இல்லாம அடுத்த பக்கம் போவாது.”

“ஏழுன்னு சொல்லுங்க” என்று சுகிர்தம் முழங்கையால் இடித்தார்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. கால் கிலோ கேட்டால் இருநூற்று ஐம்பது கிராமுக்கு ஒரு கடுகு குறையாமல் போடுகிறவர் அவர். இல்லாத வலியை எப்படி நிறுத்துப் போடுவார்? “பூஜ்யம்” என்றார் அழுத்தமாக.

ஷாலு பூஜ்யத்தைத் தட்டினாள். கம்ப்யூட்டர் திரையில் பூக்கள் சொரிந்தன. ‘வாழ்த்துகள்! தாங்கள் ஆரோக்கியப் பயனாளி.’

“லக்கி சார் நீங்க” என்றபடி ஷாலு ஒரு சிகிச்சைக் கார்டைக் கொடுத்து, அவர் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்றை மாட்டினாள். “இது நீங்க வைக்கிற எட்டை எண்ணும். தெனம் பத்தாயிரம் எட்டு நடக்கணும். சேந்தாப்ல மூணு நாள் கொறைஞ்சா கார்டு தன்னால கேன்சல் ஆயிடும். அப்புறம் உள்ள எந்த ட்ரீட்மென்ட்டும் கெடையாது. சரியா?”

“எங்கயும் நடக்கலாமாம்மா?”

“எங்க வேணா நடங்க சார். அதான் ஆரோக்கியம்.”

*

ஆரோக்கியப் பயனாளிகளைப் பார்ப்பதற்கென்று முதல் மாடியில் டாக்டர் பெனிஷா இருந்தார். ராயபுரத்துப் பெண், படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரத்த அழுத்தம் பார்த்து, ‘நடக்கவும்’ என்று சீட்டில் முத்திரை குத்துவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பெனிஷா முத்திரையை எடுத்தார். பிறகு எதற்கோ குனிந்து அண்ணாச்சியின் காலைப் பார்த்தார். அந்த மையத்தில் அன்றைக்கு ஒரு நோயாளியின் காலைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

முத்திரையைக் கீழே வைத்தார். கொரோனா காலத்தில் எல்லார் நெற்றியிலும் நீட்டிய துப்பாக்கித் தெர்மாமீட்டர் ஒன்று மேஜையில் கிடந்தது. அதை எடுத்து வலது பாதத்தில் நீட்டினார், பிறகு இடது பாதத்தில்.

“நாலு டிகிரி ஜாஸ்தி” என்றார். “அங்கிள், அப்படியே உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க.”

“என்னம்மா ஆச்சு?”

“சர்க்கரைல உங்க கால் நரம்பு செத்துப்போச்சு அங்கிள். அதான் வலி தெரியல. பிசகினதுல உள்ள எலும்பு விரிசல் விட்டிருக்கு. அது தெரியாம நீங்க நடந்திருக்கீங்க. நடக்க நடக்க உள்ள இருக்கிற மூட்டுங்க ஒண்ணொண்ணா நொறுங்கி, பாதத்தோட வளைவே இறங்கிடுச்சு. சார்க்கோ பாதம்னு சொல்வோம். இப்படியே விட்டா அடியில புண்ணு வரும், புண்ணு எலும்புக்குப் போகும், அப்புறம்…”

“அப்புறம் எங்க அண்ணன் மாதிரி” என்றார் சுகிர்தம்.

“இப்ப மாவுக்கட்டு போட்டு, வாராவாரம் மாத்தி, மூணு நாலு மாசம் ஊணாம இருந்தா கால் தப்பிச்சிடும் ஆன்ட்டி. ஆனா இனிமே ஒரு எட்டுகூடத் தேவையில்லாம வைக்கக் கூடாது.”

“அப்ப இப்பவே கட்டிருங்க.”

பெனிஷாவின் முகம் வாடியது. “நடக்கக் கூடாதுன்னு நான் எழுத முடியாது அங்கிள். அதுக்கு நடை விலக்குக் குழு அனுமதி தரணும்.”

குழுவுக்கு விண்ணப்பம் போட ஏழு கவுன்ட்டரில் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழும் மூன்று கட்டடங்களில் இருந்தன. சக்கர நாற்காலி கேட்டார் சுகிர்தம். தரலாம், ஆனால் நடை விலக்கு பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். லிஃப்ட்டும் அப்படியே. எக்ஸ்ரே வலி நாலுக்கு மேல் உள்ளவர்களுக்கு.

எனவே, நடக்கக் கூடாது என்ற சீட்டை வாங்குவதற்காக அண்ணாச்சி நடந்தார். வெறுங்காலோடு, படி ஏறி, படி இறங்கி, வெயிலில் சுட்ட சிமென்ட் முற்றத்தை நாலு தடவை கடந்து நடந்தார். நாலாவது கவுன்ட்டரில் மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்து, இனிய பெண் குரலில் பேசியது: “அருமை! ஆறாயிரம் எட்டு! விட்டுவிடாதீர்கள்!” ஆறாவது கவுன்ட்டரில் நாதஸ்வரம் வாசித்தது. ஏழாவது கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

*

குழுவுக்குத் தலைவர் மையத்தின் இயக்குநர் சுப்பராயன். அறுபது வயது, நிமிர்ந்த முதுகு, மேடைக்கென்றே செய்த குரல். இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். அவர்களுடைய பணி தலையாட்டுவது, அதைக் குறைவில்லாமல் செய்தார்கள்.

“தவசிமுத்து அவர்களே, தாங்கள் இவ்வறைக்கு எவ்வாறு வந்தீர்கள்?”

“நடந்துதான் சார்.”

இயக்குநர் உறுப்பினர்களைப் பார்த்தார். தலைகள் ஆடின. “நடந்து வந்து, நடக்க இயலாது என்கிறார். நடக்க முடிந்தவருக்கு நடை விலக்கு அளித்தால் நாளைக்கு நாட்டில் யார் நடப்பார்கள்?”

“நடக்க முடியும் சார். நடக்கக் கூடாதாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“டாக்டர்கள் பலவும் சொல்வார்கள். நாம் டாக்டர்களை நம்பி இந்த மையத்தை நடத்தவில்லை.” இயக்குநர் சொன்னது தனக்கே பிடித்துப்போய், குறிப்பெடுக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். “என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வருடமாக எனக்கும் சர்க்கரை. தினமும் அதிகாலையில் எண்ணூர் கடற்கரையில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் நடக்கிறேன். வலி? பூஜ்யம்! சிப்பி குத்தினாலும் பூஜ்யம்! மனம் வலிமையாக இருந்தால் பாதம் பணிந்துபோகும். மனுவை நிராகரிக்கிறோம். அடுத்த முறை நடக்க முடியாத நிலையில் நேரில் ஆஜராகவும்.”

அடுத்த வாரம் அண்ணாச்சி நடக்க முடியாத நிலையில் ஆஜரானார். காசிமேட்டில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் மஜீது அவருக்குப் பழைய சிநேகம். கடைக்கு உப்பு மூட்டை ஏற்றி வருவதும் அவர்தான். அண்ணாச்சியை வண்டியில் உட்காரவைத்து எர்ணாவூர் வரை ஓட்டி வந்து, அங்கிருந்து இரண்டாவது மாடிக்கு முதுகில் தூக்கிக்கொண்டே ஏறிவிட்டார்.

இயக்குநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “மனுதாரர் ஆஜராக வேண்டும் என்றிருக்கிறது. இவர் ஆஜராகவில்லை. கொண்டு வரப்பட்டிருக்கிறார். கொண்டு வரப்படுபவை தபால் பிரிவின் வழியாகத்தான் வர வேண்டும்.”

உடனே தபால் பிரிவிலிருந்து ஓர் ஊழியர் வந்து, அண்ணாச்சியின் சட்டை முதுகில் ‘பெறப்பட்டது’ என்று தேதியோடு முத்திரை குத்தி, மஜீதிடம் ஒப்புகைச் சீட்டை நீட்டினார்.

“இன்னா சார், மனுசன் மேல ஸ்டாம்பு குத்துறே?” என்று மஜீது கத்தினார். “பேஜாரு புச்ச ஆபீஸா கீதே இது! உசுரோட ஒரு ஆளு ஒக்காந்துகினு கீறாரு, கண்ணு தெரில?”

“முப்பது நாளில் பதில் வரும்” என்றார் இயக்குநர்.

முப்பது நாள். அண்ணாச்சி மஜீதின் முதுகில் இருந்தபடியே தன் இடது காலைப் பார்த்தார். முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. வலித்திருந்தால் அழுதிருக்கலாம், நாலு பேர் கேட்டிருப்பார்கள். வலிக்காத காலுக்காக அழுதால் யார் நம்புவார்கள்?

*

அன்று மாலை டாக்டர் பெனிஷா மைய விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதை எழுதியவர்களே படித்ததில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வழி கிடைத்தது: ‘ஒவ்வொரு பயனாளிக்கும் அளவெடுத்துச் செய்த சிறப்புக் காலணி, மருத்துவர் விருப்பப்படி, எவ்வித அனுமதியும் இன்றி வழங்கலாம்.’

மறுநாள் அண்ணாச்சிக்குச் சிறப்புக் காலணி வழங்கப்பட்டது. நிறம் வெள்ளை. பொருள், பாரிஸ் சாந்து. காலோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே வரை வருவது, பயனாளியால் கழற்ற இயலாதது. கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிந்தார் பெனிஷா.

“அடுத்த வாரம் மாத்தணும் அங்கிள். வீக்கம் வடிஞ்சா உள்ள லூசாயிடும், உரசி புண்ணாயிடும். தவறாம வாங்க. கார்டு மட்டும் கேன்சல் ஆகாம பாத்துக்கோங்க.”

கார்டு கேன்சல் ஆகாமல் இருக்கத் தினம் பத்தாயிரம் எட்டு வேண்டும். கால் நீட்டிக் கட்டிலில் கிடக்கிறவர் எங்கே போவார் எட்டுக்கு? முதல் நாள் பட்டை ‘வருந்துகிறோம்’ என்றது. இரண்டாம் நாள் ‘தங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்றது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சுகிர்தம் பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டு உபவாச ஜெபத்துக்குப் போனார்.

அந்தச் சபையில் பாட்டென்றால் சும்மா பாட்டு இல்லை. தபேலா, டிரம்ஸ், கீபோர்டு, அதற்கு மேல் இருநூறு பேரின் கைத்தட்டல். இரண்டரை மணி நேரம் தட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்த சுகிர்தம் மணிக்கட்டைக் காட்டினார். பன்னிரண்டாயிரத்து நானூறு எட்டு. பட்டை நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

“இது பொய் சாட்சி இல்லையா?” என்றார் அண்ணாச்சி.

“நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கர்த்தருக்குக் கை தட்டுதேன். அதை நடைன்னு எழுதுதது அவன். அந்தப் பாவம் அவனைச் சேரும்.”

மற்ற நாட்களில் பருப்பு புடைத்தார், ரவை சலித்தார். கை ஓயும்போது எதிர்வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வீட்டு ஜெபம் வைத்தார். காலடிப்பேட்டையில் அந்த மாதம் ஜெபம் பெருகி ஒரு பெரிய எழுப்புதல் நடப்பதாகப் பேச்சு அடிபட்டது.

*

கட்டு மாற்ற வேண்டிய நாளில் மீன்பாடி வண்டி விரலிடுக்குக்கு வந்து நின்றது. செங்கொடி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், அண்ணாச்சியின் காலைப் பார்த்தாள், சங்கடப்பட்டாள்.

“அண்ணாச்சி, அத்த கழட்டிட்டு உள்ள போ.”

“எதைம்மா?”

“உன் கால்ல கீற காலணிய.”

“இது மாவுக்கட்டு தாயி!”

“எனக்குத் தெரியாதா இன்னா? ஆனா லிஸ்ட்டுல காலணின்னு கீதே. கேமரா வேற பாத்துகினு கீது. காலணியோட ஒரு ஆளு உள்ள பூந்தா என் வேல பூடும். ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு கீறேன் நைனா.”

மஜீது கையை ஓங்கிக்கொண்டு இறங்கினார். அண்ணாச்சி தடுத்தார். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வலி பூஜ்யம் என்று நிறுத்துப் போட்டவர் அவர், காலணி என்று எழுதியது டாக்டர், எழுதியதைப் படித்தவள் செங்கொடி. எல்லாரும் சரியாகத்தான் செய்திருந்தார்கள். கால்தான் வெளியே நின்றது.

செய்தி போய், பெனிஷா கட்டு அறுக்கும் மிஷினையும் பஞ்சையும் சாந்துச் சுருளையும் வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மீன்பாடி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, பலகையை மஜீது மூன்று தரம் கழுவிவிட்டார். வஞ்சிர வாடை போகவில்லை. ஒரு பூனை கடைசிவரை நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தது. பழைய கட்டை அறுத்தெடுத்துத் தெர்மாமீட்டரை நீட்டினார் பெனிஷா.

“மூணு டிகிரி. குறையுது அங்கிள்!”

செருப்பை விட வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஒருவர் மெதுவாக முன்னால் வந்தார். “எனக்கும் வலி இல்லம்மா. பூஜ்யம்னு பூ கொட்டிச்சு. கொஞ்சம் பாக்குறியா?” பெனிஷா பார்த்தார். மூன்றரை டிகிரி. அவருக்கும் ஒரு சிறப்புக் காலணி அங்கேயே வழங்கப்பட்டது.

மூன்றாவது வாரத்தில் செருப்பு ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. செருப்பு டோக்கனையே வரிசை டோக்கனாக்கி, “நூத்தி இருவது! யாருப்பா நூத்தி இருவது? கால நீட்டு!” என்று செங்கொடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நாலு மாடியில் ஆரோக்கியம் நடந்துகொண்டிருந்தது. வைத்தியம் வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நடந்தது.

*

மாதம் முடிந்ததும் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘ஒரே மாதத்தில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் எட்டுகள் நடந்து சாதனை படைத்த திரு. தவசிமுத்து அவர்களுக்கு எட்டுச் செம்மல் விருது. விழாவுக்கு வராதோர் கார்டு ரத்து செய்யப்படும்.’

அண்ணாச்சி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். “கேட்டா என்ன சொல்ல?”

“கேட்டா சொல்லுங்க. கேக்கதுக்கு அவனுக்கு நேரம் இருக்காது” என்றார் சுகிர்தம்.

விழாவை ஃபைபர் பாதத்தின் அடியிலேயே வைத்திருந்தார்கள். மேடையில் வெள்ளைத் துணி விரித்து, படிக்கட்டின் அடியில் ரோஜா நிறப் பொடியில் பெரிதாக ரங்கோலி போட்டிருந்தார்கள். மேடையை ஒட்டி மீன்பாடி வண்டியில் காலை நீட்டி அண்ணாச்சி. பக்கத்தில் சுகிர்தம், பெனிஷா. காலணியைக் கழற்றி ஸ்டாண்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடு மேடையேறினார் இயக்குநர்.

“பெரியோர்களே! இந்த மாமனிதர் எப்போது நடக்கிறார் தெரியுமா? வெள்ளி மாலைகளில்! ஞாயிறு காலைகளில்! ஒரு ஞாயிறு காலை மட்டும் பதினாலாயிரம் எட்டு! எங்கே போகிறார், யாருக்கும் தெரியாது! எதற்குப் போகிறார், அவருக்கே தெரியாது! இதுதான் எங்கள் மையம் மக்களுக்குக் கற்றுத்தந்த நடை!”

சுகிர்தத்துக்கு இருமல் வந்தது.

“இவர் காலில் இருப்பது என்ன என்று கேட்பீர்கள். பக்கம் நாற்பத்தொன்று! எங்கள் சிறப்புக் காலணி! இதை அணிந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிறார்! வலியைக் கேளுங்கள், பூஜ்யம் என்பார். என்னைக் கேளுங்கள், நானும் பூஜ்யம்! எங்கள் நிர்வாகம் முழுவதும் பூஜ்யம்!”

கைத்தட்டல் வானைப் பிளந்தது. இயக்குநர் பொன்னாடை போர்த்த மேடையிலிருந்து இறங்கினார். ரங்கோலியை மிதித்துத் தாண்டி அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார், மறுபடி ரங்கோலியை மிதித்து மேடையேறினார். வெள்ளைத் துணியில் ரோஜா நிறக் காலடிகள் வரிசையாகப் பதிந்தன.

வலது காலடி லட்சணமாக இருந்தது. ஐந்து விரல், குதிகால், நடுவில் வளைவு. இடது காலடி செங்கல்.

அண்ணாச்சிக்கு மைதா ஞாபகம் வந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. இந்த மனுஷனால்தான் சிமென்ட் முற்றத்தில் வெறுங்காலோடு நாலு தடவை அலைந்தார், சட்டையில் முத்திரை வாங்கினார். நடக்கட்டுமே, நன்றாக நடக்கட்டும். அப்புறம் எபினேசர் மச்சான் மடித்துக் கட்டிய ஒற்றைக் கால் வேட்டியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கோலம் கண் முன்னால் வந்தது. அவரால் தாங்க முடியவில்லை.

“சார்! நில்லுங்க! இன்னொரு எட்டு எடுத்து வைக்காதீங்க!”

கூட்டம் திகைத்தது. சொன்னவர் எட்டுச் செம்மல். பெனிஷா அதற்குள் காலடிகளைப் பார்த்துவிட்டார். மேடைக்குத் தாவி, இயக்குநரின் வலது பாதத்தில் துப்பாக்கித் தெர்மாமீட்டரை நீட்டினார், இடது பாதத்தில் நீட்டினார்.

“நாலரை டிகிரி ஜாஸ்தி சார். வலிக்குதா?”

“பூஜ்யம்!” என்று இயக்குநர் பழக்கத்தில் மைக்கிலேயே கர்ஜித்தார். பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார் போலிருந்தது. “பூஜ்யம்” என்று இன்னொரு தடவை சொன்னார், இப்போது யாருக்கும் கேட்காத குரலில்.

“ஏறு சார் வண்டில” என்றார் மஜீது. “மீன் நாத்தம் அடிக்கும். காலு மிஞ்சும்.”

*

நடை விலக்குக் குழு அதற்குப் பிறகு கூடவில்லை. தலைவர் நடந்து வந்து ஆசனத்தில் அமர்ந்தால்தான் குழு கூடியதாகக் கணக்கு. தலைவருக்கு நடை விலக்கு கிடைத்தால்தான் சக்கர நாற்காலி. விலக்கைக் குழுதான் தர வேண்டும். உறுப்பினர்கள் இருவரும் இதற்கும் தலையாட்டினார்கள்.

ஆகவே இயக்குநருக்கும் பக்கம் நாற்பத்தொன்றின்படி வெள்ளைக் காலணி வழங்கப்பட்டது. மறுவாரம் அலுவலகத்துக்கு வந்தவரைச் செங்கொடி எழுந்து நின்று சல்யூட் அடித்து நிறுத்தினாள்.

“சார், காலணிய கழட்டி வெளிய வுட்டுட்டுப் போ சார்.”

“நான் இயக்குநர்.”

“தெரியும் சார். போர்டே நீதான வச்சே.”

அன்று முதல் இயக்குநரின் மேஜை, கோப்புகள், மணி, ஃபிளாஸ்க் எல்லாம் செருப்பு ஸ்டாண்டுக்கு வந்தன. முதல் வேலையாக, காலணிகளை இனி உள்ளே அணியலாம் என்ற ஆணையில் கையெழுத்திட்டார். ஆனால் ஆணை செல்லுபடியாக, கையெழுத்திட்டவரே அதை இரண்டாம் மாடிப் பதிவேட்டில் நேரில் நடந்து சென்று சேர்க்க வேண்டும். ஆணை இன்னும் மேஜையில் ஃபிளாஸ்க்குக்கு அடியில் இருக்கிறது. அவருடைய பச்சைப் பட்டையும் இப்போது சுகிர்தத்திடம்தான். இடது கையில் அண்ணாச்சி, வலது கையில் இயக்குநர். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து இருபத்தையாயிரம் எட்டு நடக்கிறார்கள்.

நாலாவது மாத முடிவில் பெனிஷா அண்ணாச்சியின் இரண்டு கால்களிலும் தெர்மாமீட்டரை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார். இரண்டும் ஒரே சூடு. உள்ளே இருந்த எக்ஸ்ரே மிஷினும் இப்போது வெளியே வந்திருந்தது, படத்தில் எலும்பு கூடியிருந்தது. “தப்பிச்சிட்டீங்க அங்கிள்” என்று சொல்லும்போது பெனிஷாவின் கண் கலங்கியது. அண்ணாச்சி வாய்விட்டே அழுதார். யாரும் நம்பாமல் இல்லை.

பெனிஷா புதுச் செருப்பு ஒரு ஜோடி தந்தார். அடியில் மெத்தென்ற ரப்பர், பின்னால் வார், இடது பாதத்துக்கென்று பள்ளம் வைத்து அளவெடுத்தது. “இது இல்லாம ஒரு எட்டு வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும்தான், கடைக்குள்ளயும்தான். வைச்சீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து.”

வண்டியில் வரும் வழியெல்லாம் அண்ணாச்சியும் மஜீதும் மையத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கால் ஆஸ்பத்திரியில் செருப்புக் கூடாதாம்! தபால் முத்திரையாம்! எந்த மடையன் எழுதி மாட்டினான் அந்த போர்டை! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வயிற்றில் நரம்பு நன்றாக இருந்தது.

காலடிப்பேட்டை வந்தது. அண்ணாச்சி மெதுவாக இறங்கி, புதுச் செருப்போடு கடை வாசலுக்கு நடந்தார். வாசற்படியில் நின்றுவிட்டார்.

தலைக்கு மேல் நீலப் பெயின்ட். ‘செருப்பை வெளியே விடவும்.’ அப்பா கையெழுத்து.

வலது காலைத் தூக்கினார், வைத்தார். குனிந்து செருப்பின் வாரைத் தொட்டார், விட்டார். தெருவில் வண்டியோடு நின்ற மஜீது சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உள்ளே கல்லாவுக்குப் பின்னால், இரண்டு கையிலும் பச்சைப் பட்டையோடு ரவை சலித்துக்கொண்டிருந்த சுகிர்தம் நிமிர்ந்தார்.

“என்ன அங்கயே நிக்கிய?” என்றார். “குழுவக் கூட்டணுமா?”

அண்ணாச்சி செருப்போடு உள்ளே வந்தார்.